மறவாமை பழகுதல்

மறதியைக் கண்டு மனம் கூசுகிறது. தெரிந்தவர் பெயர் மறந்தால் வெட்கம். கொடுத்த வாக்கு மறந்தால் உறுத்தல். படித்தது மறந்தால் தன்மீதே ஐயம். புதிய மொழி ஒன்றைக் கற்கத் தொடங்கியவருக்கு இவை மூன்றும் ஒருசேர வரும். இரவு படுக்கப் போகும் முன் கைபேசியில் பார்த்து, காதால் கேட்டு, வாய்விட்டுச் சொல்லிப் பழகிய சொல் விடிந்ததும் நாவில் இல்லை. நெற்றியைச் சுருக்கி யோசித்தாலும் வருவதில்லை. "இனி இந்த வயதில் நமக்கு ஏறாது" என்று பலர் ஒதுங்கிவிடுவது இந்த இடத்தில்தான்.

அப்படி ஒதுங்க நினைப்பவர்களிடம் நான் சொல்ல விரும்புவது ஒன்றே. கற்றல் அங்கே முடியவில்லை, அங்கேதான் தொடங்குகிறது. மறப்பதும் திரும்ப நினைப்பதும் சேர்ந்ததே கற்றல். இறைநினைவும் அப்படியே வளர்கிறது. எவரும் கட்டணமின்றிக் கைபேசியில் இறக்கிக்கொள்ளக்கூடிய மொழிச் செயலி ஒன்று எனக்கு இந்த உண்மையை மறுபடி மறுபடி காட்டிவருகிறது. அதை வணக்கத்துடன் இங்கே எழுதிவைக்கிறேன்.

ஹெர்மன் எபிங்ஹவுஸ் என்ற ஜெர்மானிய அறிஞர் 1885-இல் நினைவாற்றல் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அதற்காக அவர் பிறரைச் சோதிக்கவில்லை. தன்னையே சோதித்துக்கொண்டார். பொருளற்ற அசைகளைப் பட்டியலிட்டு, பிழையின்றிச் சொல்ல வரும்வரை மனப்பாடம் செய்வார். பிறகு இடைவெளி விட்டு, அதே பட்டியலை மறுபடி கற்பார். இரண்டாம் முறை எவ்வளவு உழைப்பு மிச்சமாகிறது என்று கணக்கெடுப்பார். ஒரு மணி நேரம் கழித்துக் கற்றால் முதல்முறை உழைப்பில் ஏறத்தாழ 44 விழுக்காடு மிச்சம். ஒரு நாள் கழித்து 34. ஒரு மாதம் கழித்து 21.

இந்தக் கணக்கை வாசிப்பவர்கள் பெரும்பாலும் மறதியின் வேகத்தைப் பார்த்து மலைக்கிறார்கள். எனக்கோ அந்தக் கடைசி எண் ஆறுதல் தருகிறது. ஒரு மாதம் திரும்பிப் பார்க்கவே இல்லை. மனத்தில் எதுவும் எஞ்சவில்லை என்றே தோன்றுகிறது. ஆனாலும் மறுபடி தொடங்கும்போது ஐந்தில் ஒரு பங்கு உழைப்பு ஏற்கெனவே நமக்காகக் காத்திருக்கிறது. நம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் அது சேமிக்கப்பட்டிருந்தது. மறந்துவிட்டோம் என்று நாம் சொல்வது, கைக்கு உடனே எட்டவில்லை என்பதை மட்டும்தான். அழிந்துவிட்டது என்பதை அல்ல.

கீதையின் ஆறாம் அத்தியாயத்தில் அர்ச்சுனன் இதே கவலையோடு கேட்கிறான். யோகத்தில் சிரத்தையோடு இறங்கியவன் பாதி வழியில் மனம் சிதறி விலகிவிட்டால் அவன் கதி என்ன, இங்கும் இல்லாமல் அங்கும் இல்லாமல் அழிந்துபோவானா என்று கேட்கிறான். நல்லதைச் செய்ய முயன்றவனுக்கு இம்மையிலும் மறுமையிலும் அழிவில்லை என்று கண்ணன் தேற்றுகிறான். முன்பு செய்த பயிற்சியே அவனைப் பின்னொரு பிறவியில் பற்றி இழுத்துச் செல்லும் என்கிறான். ஆய்வுக்கூடத்து அறிஞர் ஒரு மாத இடைவெளியில் கண்டதை, அந்த உரையாடல் பிறவிகளின் இடைவெளிக்கு நீட்டிச் சொல்கிறது. முயற்சி வீணாவதில்லை என்ற நம்பிக்கை இரண்டு இடத்திலும் ஒன்றே.

எபிங்ஹவுஸுக்குப் பின் வந்தவர்கள் இன்னொன்றைக் கவனித்தார்கள். நன்றாக நினைவிருக்கும்போது மறுபடி படிப்பதால் பயன் குறைவு. முற்றிலும் நழுவிய பின் படித்தால் உழைப்பு அதிகம். இரண்டுக்கும் நடுவில், நழுவப்போகும் தறுவாயில் ஒரு சொல்லை மீட்டெடுத்தால் அது ஆழமாகப் பதிகிறது. மொழிக் கல்வி ஆய்வாளர் பால் பிம்ஸ்லர் 1967-இல் இதற்கு ஒரு கால வரிசையே வகுத்தார். ஒரு சொல்லை 5 நொடியில் ஒருமுறை நினைவுபடுத்த வேண்டும். அடுத்து 25 நொடியில், பிறகு 2 நிமிடத்தில், 10 நிமிடத்தில், ஒரு மணியில், 5 மணியில், ஒரு நாளில், 5 நாளில், 25 நாளில், 4 மாதத்தில், கடைசியாக 2 ஆண்டில். செபாஸ்டியன் லைட்னர் 1972-இல் எழுதிய நூலில் இதைச் சில அட்டைகளும் ஒரு பெட்டியும் கொண்டு எவரும் வீட்டிலேயே செய்யும்படி எளிமையாக்கினார். சரியாகச் சொன்ன அட்டை பின் அறைக்கு நகரும். அதை எப்போதாவது எடுத்தால் போதும். தடுமாறிய அட்டை முன் அறைக்கே திரும்பி வரும்.

இன்றைய செயலிகளின் உள்ளே இயங்குவது இந்த அறிவுதான். நான் பயன்படுத்தும் டூயோலிங்கோ செயலியின் ஆய்வாளர்கள் 2016-இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில், கற்பவர் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு சொல்லும் எப்போது மங்கத் தொடங்கும் என்று கணிக்கும் முறையை விளக்கியிருக்கிறார்கள். நான் தடுமாறும் சொல் விரைவில் என்னிடம் திரும்பி வருகிறது. எனக்குப் படிந்துவிட்ட சொல் என்னை விட்டு நெடுநாள் விலகியிருக்கிறது. என் பலவீனம் எங்கே இருக்கிறதோ அங்கே அடிக்கடி வந்து நிற்கும் ஆசிரியர் கிடைப்பது பேறு. அதில் கடிந்துகொள்ளும் குரல் இல்லை என்பது இன்னும் பெரிய பேறு.

நான் கற்க எடுத்துக்கொண்டது ஹவாய் மொழி. பசிபிக் பெருங்கடலின் நடுவே இருக்கும் தீவுகளின் பேச்சு தமிழ் நிலத்துச் சைவர் ஒருவருக்கு எதற்கு என்று கேட்பவர்களுக்குச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. யாழ்ப்பாணத்துக் கொழும்புத்துறையில் எளிய குடிலில் வாழ்ந்த யோகர் சுவாமிகளிடம் 1949-இல் ஓர் அமெரிக்க இளைஞர் வந்து பணிந்தார். கலிஃபோர்னியாவில் பிறந்த அவருக்குச் சுவாமிகள் தீட்சை அளித்து, சுப்பிரமுனிய என்ற பெயரும் தந்தார். அந்தச் சிவாய சுப்பிரமுனிய சுவாமிகள் 1970-இல் ஹவாய்த் தீவுகளில் ஒன்றான கவாயில் சைவ ஆதீனம் நிறுவினார். பெங்களூரில் சிற்பிகள் கையுளி கொண்டு செதுக்கிய கருங்கல் கப்பல் ஏறி அங்கே போய், கணபதி ஸ்தபதியின் வடிவமைப்பில் இறைவன் கோயிலாக எழுந்தது. 2023 மார்ச்சில் அதற்குக் குடமுழுக்கு நடந்தது.

அந்த ஆதீனம் இருக்கும் வைலுவா ஆற்றங்கரை, சைவம் அங்கே போவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பிருந்தே ஹவாய் மக்களுக்குப் புனித நிலம். அவர்களுடைய பழைய கற்கோயில்களின் எச்சங்கள் இன்றும் அந்தக் கரையில் இருக்கின்றன. உலகிலேயே மிக அதிகமாக மழை பெய்யும் இடங்களில் ஒன்றான வாயலேயலே மலையின் நீர் அந்த ஆற்றில் இறங்குகிறது. நம் இறைவனுக்கு இடம் தந்த மண் என்ன மொழியில் வழிபட்டது என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்ற ஆசை எனக்குள் எழுந்தது. ஒரு வீட்டில் விருந்தினராக இருப்பவர் அந்த வீட்டாரின் பேச்சைக் கொஞ்சமாவது கேட்டுப் பழகுவது மரியாதை என்று தோன்றியது.

ஹவாய் மொழிக்கு எழுத்துகள் மிகக் குறைவு. ஐந்து உயிர், எட்டு மெய், மொத்தம் பதின்மூன்று. குறில் நெடில் வேறுபாடு நம் காதுக்குப் பழகியதே. எந்த அசையும் மெய்யில் முடிவதில்லை. எல்லாம் உயிரோசையில் திறந்தபடியே நிற்கும். அந்த எட்டு மெய்களில் ஒன்றின் பெயர் ஓகினா. தொண்டையில் மூச்சு ஒரு கணம் நின்று மறுபடி தொடரும் அந்தச் சிறு நிறுத்தத்தை அவர்கள் ஓர் எழுத்தாகவே எண்ணுகிறார்கள். அதை விட்டுவிட்டால் சொல் வேறாகிவிடும்.

செயலியில் அந்த ஒலியைக் கேட்கக் காதைக் கூர்மையாக்க வேண்டியிருக்கிறது. முதலில் ஒன்றும் பிடிபடுவதில்லை. பத்துப் பதினைந்து தடவை கேட்ட பிறகு, இரண்டு உயிரோசைகளுக்கு நடுவே ஒரு வெறுமை இருப்பது தெரியவருகிறது. தியானத்தில் அமர்பவர்கள் உள்மூச்சுக்கும் வெளிமூச்சுக்கும் இடையே உள்ள நிறுத்தத்தைக் கவனிக்கப் பழகுகிறார்கள். அந்தக் கவனம் ஒரு மொழிக்குள் அன்றாடப் பேச்சாகவே குடியிருப்பதை அறிந்தபோது மனம் நிறைந்தது. மௌனத்தையும் கணக்கில் சேர்த்துக்கொண்டவர்களின் பேச்சு அது.

இன்னொரு பழக்கத்தையும் அது என்னிடமிருந்து கேட்டு வாங்குகிறது. தமிழில் வினைச்சொல் இயல்பாகக் கடைசியில் வரும். யார், எதை, எங்கே என்று அனைத்தையும் சொல்லி முடித்த பிறகே செயலைச் சொல்வோம். ஹவாய் மொழியில் செயல் முதலில் வருகிறது. செய்தவர் பின்னால் வருகிறார். செய்பவனை முன்னிறுத்தியே சிந்தித்துப் பழகிய மனத்துக்கு இது நல்ல பயிற்சி. சொற்களைத் தொட்டுத் தொட்டு வரிசைப்படுத்தும்போது, என் மனம் எவ்வளவு ஆழமாகத் தன் வழக்கத்தில் ஊறியிருக்கிறது என்பது புலப்படுகிறது. அந்த வழக்கம் தவறல்ல. உலகம் முழுவதும் அதே வழக்கத்தில் இயங்கவில்லை என்று அறிவதே அடக்கம்.

இந்த மொழியைக் கற்கக் கற்க, மறதி என்பது ஒரு தனி மனிதருக்கு மட்டும் நேர்வதல்ல என்பது உறைத்தது. ஒரு மக்கள் கூட்டமே மறதியின் விளிம்புக்குத் தள்ளப்பட்ட வரலாறு அந்தப் பதின்மூன்று எழுத்துகளுக்குப் பின்னால் இருக்கிறது. படைப்பைப் பாடும் குமுலிபோ என்ற அவர்களது நெடும்பாடல் 2,000 வரிகளுக்கு மேல் நீள்வது. அது எழுத்தில் ஏறும் முன் மனத்திலிருந்து மனத்துக்கே கைமாறி வந்தது. எழுத்து வந்தபோது அவர்கள் அதை ஆவலோடு ஏற்றார்கள். ஹவாய் மொழியின் முதல் செய்தித்தாள் 1834-இல் வந்தது. 1948 வரையில் ஏறத்தாழ 100 செய்தித்தாள்கள், 1,25,000 பக்கங்கள் அந்த மொழியில் அச்சாயின.

1893-இல் ஹவாய் அரசி லிலியுவோகலானியின் ஆட்சி கவிழ்க்கப்பட்டது. 1896-இல் பள்ளிகளின் பயிற்றுமொழி ஆங்கிலமே என்று சட்டம் வந்தது. தாய்மொழியில் பேசிய குழந்தைகள் பள்ளியில் தண்டிக்கப்பட்டார்கள். பெற்றோர், பிள்ளைகள் நன்றாக இருக்க வேண்டும் என்ற அன்பினாலேயே, வீட்டில் அந்த மொழியைப் பேசாமல் விட்டார்கள். 1980-களின் தொடக்கத்தில் 18 வயதுக்குட்பட்டவர்களில் அதைப் பேசத் தெரிந்தவர்கள் 50 பேருக்கும் குறைவு என்ற நிலை வந்தது. முன்பு, ஆட்சி இழந்து சிறை வைக்கப்பட்டிருந்த காலத்தில் லிலியுவோகலானி அரசி குமுலிபோவை ஆங்கிலத்தில் பெயர்த்துக்கொண்டிருந்தார். 1897-இல் அது நூலாக வெளிவந்தது. எல்லாம் பறிபோன வேளையில் அவர் பற்றிக்கொண்டது தம் முன்னோரின் படைப்புப் பாடலை என்பது நினைக்க நினைக்க நெஞ்சை நெகிழ்விக்கிறது.

ஆனால் அந்த மொழி அழியவில்லை. கவாய்க்கு மேற்கே, கடல் தாண்டித் தெரியும் நீஹாவ் என்ற சிறு தீவில் சில குடும்பங்கள் அதைத் தாய்மொழியாகவே பேசிக்கொண்டிருந்தன. 1972 முதல் 1988 வரை லாரி கிமுரா என்ற ஆசிரியர் தம் வானொலி நிகழ்ச்சியில், அந்த மொழியைப் பிறப்பிலிருந்தே பேசிய முதியவர்களை அழைத்துப் பேசவைத்து, அவர்கள் குரலைப் பதிந்து வைத்தார். 1978-இல் அந்த மொழி ஹவாய் மாநிலத்தின் ஆட்சிமொழிகளில் ஒன்றாயிற்று. 1983-இல் சில ஆசிரியர்கள் கூடி அஹா பூனானா லேயோ என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். மறு ஆண்டு, நீஹாவ் குடும்பங்கள் வாழ்ந்த கவாயின் கேகஹா ஊரில், குழந்தைகளுக்கு முழுக்க முழுக்க ஹவாய் மொழியிலேயே நடக்கும் முதல் மழலையர் பள்ளி திறந்தது. 1987-இல் அரசுப் பள்ளிகளிலும் அந்த மொழிவழி வகுப்புகள் தொடங்கின.

2018 அக்டோபரில் டூயோலிங்கோவில் ஹவாய் மொழிப் பாடம் வந்தது. அங்குள்ள கமேஹமேஹா பள்ளிகளும் ஹவாய்ப் பண்பாட்டுக் கல்விக் கூட்டமைப்பும் அதற்குத் துணைநின்றன. மறதியின் விளிம்பிலிருந்து ஒரு சமூகம் மீட்டெடுத்த சொல், மறதியின் விளிம்பைக் கணக்கிட்டு இயங்கும் ஒரு கருவியின் வழியே என் வீட்டுத் திண்ணைக்கு வந்தது. இதைத் தற்செயல் என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. ஒருவர் இரவில் மறந்த சொல்லைக் காலையில் மீட்பதும், ஒரு மக்கள் நூறாண்டில் இழந்துகொண்டிருந்ததைப் பேரக்குழந்தைகளின் வாயில் மீட்பதும் ஒரே விதியின் கீழ் நடக்கின்றன. முற்றிலும் நழுவும் முன் யாரோ ஒருவர் நினைவூட்டினார். நினைவூட்டப்பட்டவர் முகம் திருப்பாமல் கேட்டார்.

அந்தச் செயலியை உருவாக்கியவர்களில் ஒருவரான லூயிஸ் வான் ஆன், மத்திய அமெரிக்காவின் குவாத்தமாலாவில் பிறந்தவர். பணம் உள்ளவர்களுக்கு நல்ல கல்வி எளிதாகவும் இல்லாதவர்களுக்கு எழுத்தறிவே அரிதாகவும் இருந்த நாட்டில் வளர்ந்தேன், அதனால்தான் எவரும் செலவின்றிக் கற்கும் வழியைத் தேடினேன் என்று அவர் பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். பிட்ஸ்பர்க்கின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் அவரும் அவருடைய மாணவர் செவெரின் ஹாக்கரும் தொடங்கிய பணி, 2012 ஜூனில் அனைவருக்கும் திறந்துவிடப்பட்டது. விளம்பரங்களும், விரும்பிக் கட்டணம் செலுத்துவோரும் அதன் செலவைத் தாங்குகிறார்கள்.

கோடையில் தெருமுனையில் வைக்கும் தண்ணீர்ப்பந்தலில் யார், எந்த ஊர் என்று கேட்பதில்லை. தாகத்தோடு வந்தவருக்குத் தண்ணீர் உண்டு. அங்கே குடிப்பவருக்கு ஒரே கடமை, வீணாக்காமல் குடிப்பது. இலவசமாகக் கிடைத்த கல்விக்கும் அதே கடமைதான். இந்தப் பாடத்தில் என் காதுக்குக் கேட்கும் ஒவ்வொரு ஒலிக்கும் பின்னால், தண்டனைக்குப் பின்னும் அதை மறக்காமல் வைத்திருந்த மூதாட்டி ஒருத்தி இருக்கிறாள். அவள் பட்டதற்கு என்னால் விலை கொடுக்க முடியாது. கவனத்தைக் கொடுக்க முடியும். அந்த மொழி என்னுடையது என்று உரிமை கொண்டாடாமல், அதன் முன் மாணவராக மட்டும் நிற்க முடியும். கற்கும் சில நிமிடங்களில் வேறு எதையும் பார்க்காமல், கேட்காமல் இருக்க முடியும். கட்டணம் இல்லாத கல்விக்கு நாம் செலுத்தக்கூடிய காணிக்கை அதுவே.

இத்தகைய செயலிகளில் நாள் தவறாமல் படிப்பவருக்கு ஓர் எண் தரப்படுகிறது. சுடர் ஒன்றின் பக்கத்தில் அந்த எண் நாளுக்கு நாள் ஏறும். தவறவிட்டால் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். புள்ளிகள் உண்டு, வாரந்தோறும் தரவரிசையும் உண்டு. இவை இளம் மனங்களையும் களைத்த மனங்களையும் தினமும் ஒருமுறை உட்காரவைக்கின்றன. அந்த அளவில் அவை நல்ல துணை. நம் முன்னோரும் விரதத்துக்கு மண்டலக் கணக்கு வைத்தார்கள், செபத்துக்கு மணிமாலை வைத்தார்கள். எண் மனத்தைக் கட்டிப்போட உதவும்.

ஆனால் எண்ணைக் காப்பாற்றுவதற்காகவே உட்காரும் நாள் வந்தால், அங்கே நின்று மூச்சு விட வேண்டும். யோக சூத்திரத்தில் பதஞ்சலி பயிற்சியையும் பற்றின்மையையும் இணையாகவே வைத்தார். நெடுங்காலம், இடைவிடாமல், பக்தியோடு செய்வது பயிற்சி. அதன் பலனில் தாகம் தணிவது பற்றின்மை. ஒன்றில்லாமல் மற்றொன்று நிலைக்காது. தொடர் அறுந்த நாளில் ஒருவர் மனமுடைந்து செயலியையே நீக்கிவிடுகிறார் என்றால், அவர் மொழியைக் கற்கவில்லை, எண்ணை வளர்த்துக்கொண்டிருந்தார். அறுந்தது கணக்கு மட்டுமே. கற்றது உள்ளே பத்திரமாக இருக்கிறது என்பதற்குத்தான் எபிங்ஹவுஸின் அந்தக் கடைசி எண் சாட்சி சொல்கிறது.

இந்த இடத்தில் வழிபாட்டை நினைத்துப் பார்க்கிறேன். தில்லையில் நாள்தோறும் ஆறு கால பூசை. இஸ்லாமியர் நாளொன்றுக்கு ஐந்து வேளை தொழுகிறார்கள். ஆறாம் நூற்றாண்டில் கிறித்தவத் துறவி பெனடிக்ட் தம் துறவியருக்கு வகுத்த ஒழுங்கில் பகலில் ஏழு வேளை, இரவில் ஒரு வேளை செபம். ஒவ்வொரு மரபும் மனிதர் எவ்வளவு நேரத்தில் மறப்பார் என்று அறிந்திருந்தது. மணி ஒலித்தும், பாங்கு சொல்லியும், விளக்கு ஏற்றியும், நழுவும் தறுவாயில் அவரைத் திரும்ப அழைத்தது. நினைவூட்டல் இல்லாமலே இறைவனை நினைக்கும் வலிமை நமக்கு இருக்கிறது என்று எந்த ஞானியும் எண்ணிக்கொள்ளவில்லை.

சொல்லைக் கற்பதற்கும் இறைவனை நினைப்பதற்கும் இங்கே ஒரு வேறுபாடு தெரிகிறது. செயலியில் இடைவெளி விரிந்துகொண்டே போகிறது. 5 நொடி, 2 நிமிடம், ஒரு நாள், 4 மாதம், 2 ஆண்டு. சொல் படிந்துவிட்டது, இனி அடிக்கடி பார்க்க வேண்டாம் என்பது அதன் கணக்கு. வழிபாட்டிலோ இடைவெளி சுருங்கிக்கொண்டே வர வேண்டும். வாரத்தில் ஒருமுறை நினைத்தவர் நாளில் ஒருமுறை நினைக்கிறார். பிறகு காலையும் மாலையும். பிறகு உண்ணும்போதும் உறங்கப் போகும்போதும். பிறகு ஒவ்வொரு வேலையின் தொடக்கத்திலும். இறைவன் ஒருமுறை மனப்பாடம் செய்து உள்ளே வைத்துவிட்டு வேறு வேலை பார்க்கக்கூடிய செய்தி அல்ல. நினைவு நீடிக்கும்வரைதான் அங்கே உறவும் நீடிக்கிறது.

எதிரெதிர்த் திசையில் போவதாகத் தோன்றினாலும் இரண்டும் சென்று சேரும் இடம் ஒன்றுதான். நினைவூட்டுபவர் தேவைப்படாத நிலை அது. மொழி முழுதாகப் படிந்தவருக்குச் சொல்லைத் தேட வேண்டியதில்லை, பேசுகிறார். இறைநினைவு முழுதாகப் படிந்தவர் நினைக்க முயல்வதில்லை, இருக்கிறார். காரைக்கால் அம்மையார் கயிலையில் இறைவனிடம் கேட்டதைச் சேக்கிழார் பெரியபுராணத்தில் சொல்கிறார். அன்பைக் கேட்டார், பிறவாமையைக் கேட்டார், மீண்டும் பிறப்பு வந்தால் உன்னை மறவாதிருக்க வேண்டும் என்று கேட்டார். செல்வத்தையும் வித்தையையும் அவர் கேட்கவில்லை. பேயுருவை உவந்து ஏற்றுத் தலையால் நடந்து மலையேறிய அந்தத் தாய்கூட மறவாமையை வரமாகத்தான் வேண்டினார். அதைத் தன் முயற்சியால் மட்டும் பெறக்கூடியதாக அவர் கருதவில்லை. நாம் நம் மறதிக்காக இவ்வளவு கூசத் தேவையில்லை என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று வேண்டாம்.

தனி ஒருவரால் இடையறாமல் நினைத்திருக்க முடியாதபோது என்ன வழி? கவாய் ஆதீனத்தில் 1973-இல் அமைந்த கடவுள் கோயிலில் நடராசப் பெருமானின் முன் துறவியர் முறைவைத்து அமர்கிறார்கள். மூன்று மணி நேரத்துக்கு ஒருவர். பகலிலும் இரவிலும், ஐம்பது ஆண்டுகளாக, அந்த முறை நிற்கவில்லை. ஒருவர் உறங்கும்போது இன்னொருவர் விழித்திருக்கிறார். எந்தத் துறவியும் இருபத்துநான்கு மணி நேரமும் விழித்திருப்பதில்லை. ஆனாலும் விழிப்பு அறுவதில்லை.

இதைப் படித்தபோது நீஹாவ் தீவு நினைவில் எழுந்தது. மற்றத் தீவுகளில் மொழி உறங்கிய நூறாண்டில் அந்தச் சிறு தீவு முறை வைத்து விழித்திருந்தது. கேகஹா பள்ளி திறந்த நாளில் அது தன் முறையை அடுத்தவர் கையில் கொடுத்தது. மறவாமையை ஒருவர் தனியாகச் சுமக்க வேண்டியதில்லை. குடும்பத்தில் ஒருவர் தேவாரம் ஓதினால், ஓதாதவரும் அந்த நினைவின் வட்டத்துக்குள் இருக்கிறார். ஊரில் ஒரு விளக்கு எரிந்தால், தன் வீட்டில் ஏற்ற மறந்தவருக்கும் அது நினைவூட்டுகிறது. நமக்குச் சோர்வு வரும் நாளில் வேறு யாரோ நமக்காக நினைத்திருக்கிறார்கள். நம் முறை வரும்போது நாம் விழித்திருந்தால் போதும்.

செயலியின் எல்லையையும் உணர்ந்தே சொல்கிறேன். அது குரு ஆகாது. ஹவாயில் ஹுலா நடனம் கற்கும் மாணவர்கள் நேரே உள்ளே நுழைந்துவிடுவதில்லை. வாசலுக்கு வெளியே நின்று, அனுமதி வேண்டும் பாடலை ஓதுகிறார்கள். உள்ளிருந்து ஆசான் மறுமொழியாகப் பாடினால்தான் அடியெடுத்து வைக்கிறார்கள். அப்படிப் பரவலாக ஓதப்படும் பாடல் ஒன்றில் வாயலேயலே மலையும் வைலுவாவும் பெயர் சொல்லி வருகின்றன. நம் ஆதீனம் இருக்கும் அதே நிலம். வெளியே நின்று வேண்டத் தேவையான சொற்களைச் செயலி கற்றுத்தரும். உள்ளிருந்து வரும் மறுமொழியை உயிருள்ள மனிதர்தான் தர முடியும். குருவைத் தேடிக் கடல் கடந்த அந்த அமெரிக்க இளைஞருக்கு நூலறிவு ஏற்கெனவே இருந்தது. ஆனாலும் அவருக்கு யோகர் சுவாமிகளின் குடிலின் முன் போய் நிற்க வேண்டியிருந்தது.

ஆகவே, புதிய மொழி ஒன்றைக் கற்க விரும்புபவர்களுக்கும், வழிபாட்டை விட்டுவிட்டு மறுபடி தொடங்கத் தயங்குபவர்களுக்கும் என் வேண்டுகோள் ஒன்றே. காலைக் கடன் முடிந்து சாமி விளக்கின் முன் அமரும் நேரத்துக்குப் பக்கத்திலேயே பாடத்தையும் வைத்துக்கொள்ளுங்கள். பத்து நிமிடம் போதும். நீங்கள் தேர்வது உங்கள் பக்கத்து மாநிலத்தின் மொழியாக இருக்கலாம், பேரன் படிக்கும் நாட்டின் மொழியாக இருக்கலாம், உங்கள் தெருவில் புதிதாகக் குடிவந்த தொழிலாளியின் மொழியாகவும் இருக்கலாம். நான்கு சொல் படிந்ததும் அதைப் பேசுபவர் ஒருவரைத் தேடிப் போய், பணிவோடு பேசிப் பாருங்கள். அவர் திருத்துவதைக் கேளுங்கள்.

மறந்துபோகும். நிச்சயம் மறந்துபோகும். அந்தச் சொல்லும் மறக்கும், இறைநினைவும் நழுவும். மறந்தோமே என்று நொந்துகொண்டிருக்கும் நேரமும் மறதியில்தான் சேரும். அந்த நேரத்தில் ஒருமுறை நினைத்துவிடலாம். திரும்பி வருபவரிடம் எத்தனை நாள் வரவில்லை என்று மொழியும் கேட்பதில்லை, இறைவனும் கேட்பதில்லை.